புல்லின் தாகத்தைக் கருவியால் அறிதல்

புன்மை, புல்லர் என்னும் சொற்களைக் கேட்குந்தோறும் புல்லின் நினைவே நமக்கு வருகின்றது. அற்பமான பொருளைச் சுட்டவேண்டின் புல்லைச் சுட்டுதல் நம் நாட்டு வழக்கு. ஆயினும், மனிதனது பணத்தையும் உழைப்பையும் தண்ணீரையும் புல்லைப்போல் வாங்கிக்கொள்ளும் பூண்டு வேறொன்று உண்டோ என ஐயுற வேண்டிய தேயங்களும் உள. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டு முற்றங்களிலும் பூங்காக்களிலும் கல்லூரித் திடல்களிலும் கால்ப் ஆட்டக் களங்களிலும் வளர்க்கப்படும் புற்றரைகளின் பரப்பு ஏறத்தாழ 1,60,000 சதுர கிலோமீட்டர் இருத்தல் கூடும் என 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. நம் தமிழ்நாடு முழுதும் சேர்ந்தே 1,30,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகும். மனிதர் உண்பதற்கும் அன்றி, மாடு மேய்வதற்கும் அன்றி, காண்பதற்கும் ஆடுவதற்குமே ஒரு பயிர் இத்துணை நிலத்தைப் போர்த்திருக்கின்றது.

அப்பயிருக்கு நீர் எவ்வளவு செல்லும் என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். கோடையில் வெயில் நன்கு எறிக்கும் நாளொன்றில், குறைவின்றி நீர் பெற்ற புற்றரை ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீரை ஆவியாக்கிவிடும். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். ஆகவே ஏக்கர் ஒன்றுக்கு நாள் ஒன்றில் 20,000 லிட்டர் வானிற் கலக்கும். மழை பெய்யும் நாட்டில் இதனை யாரும் பொருட்படுத்தார். பாலைநிலத்தில் அமைந்த லாஸ் வேகாஸ் நகரத்தாரோ பொருட்படுத்தியே தீரவேண்டியவராயினர். கொலராடோ ஆற்றையே பெரிதும் நம்பி வாழும் அந்நகரில், புல்லைப் பெயர்த்தெறிவோர்க்குப் பணம் கொடுக்கும் ஏற்பாடு 1999-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகின்றது. 2022-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவ்வாற்றின் பெருந்தேக்கமாகிய மீட் ஏரி, அது முதன்முறை நிரம்பிக்கொண்டிருந்த 1937-ஆம் ஆண்டிற்குப் பின் எவரும் காணாத தாழ்வை அடைந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே, வெறும் அழகுக்காகப் பொது இடங்களிலும் சாலையோரங்களிலும் வளர்க்கப்படும் புல்லுக்கு 2026-ஆம் ஆண்டு முடிந்தபின் அவ்வாற்று நீரைப் பாய்ச்சலாகாது என நெவாடா மாநிலம் சட்டம் இயற்றிவிட்டது.

ஆயினும் எல்லாப் புல்லையும் பெயர்த்தெறிதல் இயலாது. பிள்ளைகள் ஓடியாடும் திடல் வேண்டும். புழுதியை அடக்கி நிற்கும் பசுந்தரையும் வேண்டும். ஆதலின், எவ்வளவு நீர் என்பதினும் எப்பொழுது நீர் என்பதே ஆராய்தற்குரிய வினாவாகின்றது. நீர் காலந்தாழ்ந்து வருமாயின் புல் கருகும். காலத்திற்கு முந்தி வருமாயின் நீர் வீணாவதோடு, மேல்மண் எப்பொழுதும் நனைந்தே இருத்தலால் வேர் கீழே செல்லாது மேலேயே தங்கும்; காளான் வகை நோய்களும் பற்றும். திடற்காவலர் பெரும்பாலோர் இவ்விரண்டனுள் முன்னதற்கே அஞ்சுவர். புல் கருகினால் பழி வரும். நீர் வீணானால் யாருக்குந் தெரியாது. இவ்வச்சத்தால், கடிகாரத்தை முடுக்கி வைத்தாற்போல் நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே அளவு நீர் பாய்ச்சிவிடுதல் எங்கும் வழக்கமாயிற்று. மழை பெய்துகொண்டிருக்கும்போதே தெளிப்பான்கள் சுழல்வதைக் கண்டார் பலர். இவ்வச்சத்தைப் போக்குதற்கு எழுந்தனவே யாம் இங்கே கூறப்புகும் உணர்கருவிகள்.

முதற்கண், கருவி இல்லாத கண் எதைக் காணும் என்பதை நோக்குவோம். நீர் குறைந்த புல் தன் ஒளிரும் பசுமையை இழந்து, நீலமும் சாம்பலும் கலந்த ஒரு மங்கலான நிறத்தைக் கொள்ளும். இலைகள் நீளவாட்டில் மடியும், அல்லது சுருளும். அதன்மேல் ஒருவன் நடந்து சென்றால் அவன் அடிச்சுவடு நெடுநேரம் மறையாது கிடக்கும். ஏனெனில், உயிரணுக்களில் நீர் நிரம்பி விறைத்து நின்றாலன்றி மிதியுண்ட இலை நிமிர மாட்டாது. பழகிய காவலன் மாலை வேளையில் திடலைச் சுற்றி நடந்து, திரும்பித் தன் சுவடுகளை நோக்கியே நாளை எங்கு நீர் விடவேண்டும் என்பதைத் துணிவான். இது நல்ல முறையே. இதனை இகழ்தல் தகாது. ஆனால் இவ்வடையாளங்கள் யாவும் உயிரணுவில் நீர் குறைந்துவிட்டபின் தோன்றுவன. கண் காண்பது முடிவை, தொடக்கத்தை அன்று.

தொடக்கம் எங்கே உள்ளது? வேரைச் சூழ்ந்த மண் உலரத் தொடங்கியதும் அப்சிசிக் அமிலம் என்னும் பொருள் புல்லின் உடலிற் பெருகுகின்றது. அது இலைகளைச் சென்றடைந்து, இலைத்துளைகளை மூடுமாறு ஏவுகின்றது. இவ்விலைத்துளைகள் வழியாகவே நீராவி வெளிச்செல்வது. துளைகள் மூடினால் நீர் மிச்சமாகும், உயிர் தப்பும். ஆனால் இதற்கொரு விலையுண்டு. மண்பானைத் தண்ணீர் குளிர்வது ஏன் என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். பானையின் நுண்ணிய துளைகளிற் கசியும் நீர் ஆவியாகுங்கால், தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துச் செல்லும். அப்பானைக்கு வெளிப்புறம் வர்ணம் பூசித் துளைகளை அடைத்துவிட்டால் தண்ணீர் குளிராது. இலைத்துளை மூடிய புல்லும் வர்ணம் பூசிய பானையை ஒக்கும்.

இக்குளிர்ச்சி எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தாலன்றி மாணவர் நம்பார். ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.45 மெகாஜூல் வெப்பம் வேண்டும். சதுர மீட்டர் ஒன்றில் 5 லிட்டர் நீர் ஆவியாயின் 12 மெகாஜூலுக்குச் சற்று மிகுதியான வெப்பம் புல்லைவிட்டு நீங்குகின்றது. ஆயிரம் வாட் மின்னடுப்பு ஒன்றை மூன்றரை மணிநேரம் எரிய வைத்தால் எழும் வெப்பம் இதுவே. பாய் அகலமுள்ள ஒரு புல்துண்டு நாள்தோறும் இத்துணை வெப்பத்தைச் சந்தடியின்றி வானில் விடுத்துக்கொண்டிருக்க, நாம் அதன்மேல் அமர்ந்து குளிர்ச்சியாயிருக்கின்றது என்று சொல்லி எழுந்து போகின்றோம். நீர் வரத்து நின்றதும் அவ்வெப்பத்திற் பெரும்பகுதி போக்கிடமின்றி இலையிலேயே தங்கும். இலை சூடேறும். மனிதனுக்கு வியர்வை நின்று காய்ச்சல் ஏறுவது போலப் புல்லுக்கும் ஒரு காய்ச்சல் காண்கின்றது. நிறம் மாறுவதற்கு முன்னரே, இலை சுருள்வதற்கும் முன்னரே, இக்காய்ச்சல் தொடங்கிவிடுகின்றது. எனவே, தாகத்தை முதலில் அறிய விரும்புவோன் நோக்கவேண்டியது புல்லின் நிறத்தையன்று, அதன் சூட்டையே என்பது பெறப்பட்டது.

சூட்டைத் தொடாமல் அறிவது எங்ஙனம்? 1800-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷெல் என்னும் வானநூலார், முப்பட்டகக் கண்ணாடியாற் சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்து வந்தார். சிவப்பு முடிந்து ஒளியே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானி மற்றெல்லாவற்றினும் உயர்ந்து காட்டியது. கண்ணுக்குப் புலனாகாத அக்கதிர்களே இன்று அகச்சிவப்புக் கதிர்கள் எனப்படுகின்றன. சூரியனே அன்றி, எல்லாப் பொருள்களும் தத்தம் வெப்பநிலைக்கேற்ப இக்கதிர்களை வீசிய வண்ணமே உள்ளன. நம் உடலும், சுவரும், புல்லும் வீசும் கதிர்களில் மிக வலியவை ஒரு மீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்கு நீளமுள்ள அலைகள். அவற்றைப் பெற்று எண்ணாக மாற்றித் தருவதே அகச்சிவப்பு வெப்பமானி. 2020-ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றுப் பரவிய காலத்தில் வாயில்தோறும் நின்று நம் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட கருவி இவ்வினத்ததே. ஆனால் அது மனித உடலின் வெப்பத்தை மட்டும் கூறுமாறு அமைக்கப்பட்டது, புல்லுக்கு உதவாது. தொழிற்சாலைகளில் குழாயையும் இயந்திரத்தையும் அளப்பதற்கு விற்கும் வகையே நமக்கு வேண்டுவது.

கருவி கிடைத்துவிட்டது, இனி எண்ணின் பொருளை அறிதல் வேண்டும். புல்லின் வெப்பம் 34 பாகை என்று கருவி கூறின், அது நலமா நோயா? காற்று 38 பாகையாயின் புல் நன்றாகக் குளிர்ந்திருக்கின்றது என்க. காற்று 30 பாகையாயின் புல் சூடேறியுள்ளது என்க. எனவே புல்லுக்கும் காற்றுக்கும் உள்ள வேற்றுமையே பொருளுடையது. ஆனால் அதுவும் போதாது. உலர்ந்த காற்றில் நீர் விரைந்து ஆவியாகும்; ஈரம் மிக்க காற்றில் ஆகாது. ஆகவே வறண்ட காற்றில் நலமான புல் காற்றைவிடப் பல பாகை குளிர்ந்து நிற்கக்கூடும். கடற்காற்று வீசும் சென்னையிலோ, வயிறு நிறைய நீருண்ட புல்லும் அத்துணைக் குளிர்ச்சியைப் பெற மாட்டாது. இச்சிக்கலை அவிழ்த்தவர், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் அந்நாளில் விளங்கிய நீர்ப்பாதுகாப்பு ஆய்வகத்தைச் சேர்ந்த இட்ஸோ, ஜாக்ஸன் முதலியோர். அவர்கள் கோதுமை, குதிரைமசால் முதலிய பயிர்களை ஆராய்ந்து 1981-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இன்றளவும் வழங்குகின்றது.

அம்முறையை எளிய எடுத்துக்காட்டால் விளக்குவோம். குறிப்பிட்ட ஈரமுள்ள காற்றில், குறைவின்றி நீர் பெற்ற புல் காற்றைவிட 4 பாகை குளிர்ந்திருக்கும் எனவும், இலைத்துளை முற்றும் மூடிய புல் காற்றைவிட 4 பாகை சூடாயிருக்கும் எனவும் முன்னரே அளந்து வைத்துள்ளோம் எனக் கொள்வோம். இவை இரண்டும் எல்லைகள். இன்று அளந்தபோது புல்லும் காற்றும் ஒரே வெப்பம் காட்டின், அப்புல் எல்லைகளின் நடுவே நிற்கின்றது. கீழெல்லையைச் சுழி என்றும் மேலெல்லையை ஒன்று என்றும் வைத்தால் அதன் நிலை 0.5 ஆகும். இவ்வெண் பயிரின் நீர்க்குறைச் சுட்டெண் எனப்படும். சுழியை அடுத்திருக்குமாயின் கவலையில்லை. ஒன்றை நெருங்குமாயின் புல் தவிக்கின்றது என்பது பொருள். காற்றின் ஈரம் மாறுந்தோறும் கீழெல்லையும் மாறும். அதனைக் கணக்கிற் கொண்டதே இம்முறையின் சிறப்பு.

வயலுக்கென்று தோன்றிய இம்முறை புற்றரைக்கும் வந்து சேர்ந்தது. கான்ஸாஸ் மாநிலத்தில் மன்ஹாட்டன் என்னும் ஊர் ஒன்றுண்டு. நியூயார்க்கின் மன்ஹாட்டன் வேறு; இது பரந்த புல்வெளிகளின் நடுவேயுள்ள ஒரு பல்கலைக்கழக ஊர். அங்கே பென்ட் புல் என்னும் மெல்லிய குளிர்நாட்டுப் புல்லைக் கால்ப் களத்திற் போலக் குட்டையாக வெட்டி வளர்த்து, பாத்திகளாகப் பிரித்து, ஒரு பாத்திக்கு முழு அளவு நீரும் மற்றவற்றிற்கு அதிற் படிப்படியாகக் குறைந்த பங்குகளும் கொடுத்தனர். மழை வருங்கால் கூரையொன்று தானே நகர்ந்து வந்து பாத்திகளை மூடிக்கொள்ளும். ஆதலால் வானம் சோதனையைக் கெடுக்க இயலாது. ஆளில்லாச் சிறு வானூர்தியில், வெப்பத்தைப் படமெடுக்கும் கருவியைப் பொருத்தி மேலே பறக்கவிட்டு அளந்தனர். புல்லின் தோற்றம் குன்றியதைக் கண் மதிப்பிடுவதற்கு ஐந்து நாட்களுக்கும் மேல் முன்னதாகவே சூடேறிய பாத்திகளைப் படம் காட்டிக் கொடுத்தது. அம்முடிவு 2019-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

ஐந்து நாள் என்பது சிறிதெனத் தோன்றலாம். நாம் முன் கூறிய கணக்கின்படி அது ஏக்கருக்கு 1,00,000 லிட்டர் நீர் செல்லும் காலம். புல் கருகிவிடுமோ என்னும் அச்சத்தால் நாள்தோறும் நீர் விடுபவனுக்கு, உன் புல் இன்னும் தவிக்கவில்லை, தவிக்கத் தொடங்கினால் ஐந்து நாள் முன்னரே சொல்வேன் என்று ஒருவர் உறுதி கூறுவாராயின், அவன் துணிந்து காத்திருப்பான். கருவியின் உண்மையான பயன் நீர் விடு என்று சொல்வதிலன்று, இன்று வேண்டா என்று சொல்வதிலேயே உள்ளது என்பது எம் கருத்து. விற்பவர்கள் இதனை அவ்வளவாக எடுத்துக் கூறுவதில்லை.

இனி ஒளியைக் கொண்டு அறியும் முறையைச் சிறிது கூறுவாம். பச்சிலையிலுள்ள பச்சையம் சிவப்பொளியை ஒளிச்சேர்க்கைக்காக விழுங்கிவிடும். அதனால் இலையிலிருந்து சிவப்பு மிகச் சிறிதே திரும்பி வரும். சிவப்பை அடுத்துள்ள அண்மை அகச்சிவப்பு ஒளியோ இலைக்குப் பயன்படாதது. இலையின் உள்ளே உயிரணுக்களுக்கும் காற்றறைகளுக்கும் இடையே பட்டுச் சிதறிப் பாதியளவு திரும்பிவிடும். அவ்வொளியை மட்டும் வாங்கும் புகைப்படத்தில் புல்வெளி பனி மூடியதுபோல் வெண்மையாகத் தோன்றும். திரும்பி வரும் இவ்விரண்டு ஒளியின் வேற்றுமையை அவற்றின் கூட்டுத் தொகையால் வகுத்துவரும் எண்ணே தாவரச் சுட்டெண். 1972-ஆம் ஆண்டில் ஏவப்பட்ட முதல் லான்ட்ஸாட் செயற்கைக்கோளின் படங்களைக் கொண்டு அமெரிக்காவின் பெருஞ்சமவெளிகளை ஆராய்ந்த டெக்ஸாஸ் அறிஞர்கள் இதனை வழக்கிற் கொணர்ந்தனர். சிவப்பு நூற்றுக்கு 5 பங்கும் அண்மை அகச்சிவப்பு 50 பங்கும் திரும்பினால் 45-ஐ 55-ஆல் வகுக்க 0.82 வரும். புல் நலிந்து சிவப்பு 10 ஆகவும் மற்றது 40 ஆகவும் மாறினால் எண் 0.60 ஆகக் குறையும்.

இம்முறை அழகியது, மலிவானதுங்கூட. ஆயினும் தாகத்தை அறிவதற்கு இதனை முழுதும் நம்புதல் கூடாது. பச்சையம் ஒரே நாளில் அழிவதன்று. ஆதலால் இலைத்துளை மூடிய பின்னும் சில நாள் எண் உயர்ந்தே நிற்கக்கூடும். அடர்ந்த புல்லில் எண் உச்சியைத் தொட்டு அங்கேயே தங்கிவிடும். தழைச்சத்துக் குறைந்து வெளுத்த புல்லையும் இவ்வெண் நோயாளியென்றே கூறும். நீர் விட்டால் அந்நோய் தீராது. இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. வெட்டும் பொறி போன திசைக்கும் வந்த திசைக்கும் ஏற்ப இலைகள் சாய்ந்து, திடலில் வெளிறியும் கறுத்தும் பட்டைகள் தோன்றுதலைக் கிரிக்கெட் களங்களில் நாம் கண்டிருக்கின்றோம். வானூர்திப் படத்திலும் அப்பட்டைகள் விழுந்து, ஒன்று வாடியது போலவும் அடுத்தது செழித்தது போலவும் காட்டி மயக்கும். இவற்றையெல்லாம் கணினி செந்நிறமும் மஞ்சளும் பச்சையுமாகத் தீட்டித் தந்துவிட, வர்ணத்தைக் கண்டவர் ஆராய்ச்சியை மறந்துபோகின்றனர்.

மேலே நின்று இலையைப் பார்ப்பவை இவை. கீழே சென்று மண்ணைக் கேட்கும் கருவிகளும் உள. அவற்றுள் ஒன்றின் தத்துவம் பௌதிக மாணவர்க்கு இனிமை பயப்பதாகும். மின்புலத்திற்கு ஒவ்வொரு பொருளும் இடங்கொடுக்கும் தன்மையை எண்ணாற் குறிப்பர். காற்றுக்கு அவ்வெண் 1. மண்ணின் தாதுக்களுக்கு 3 முதல் 5. நீருக்கோ ஏறத்தாழ 80. மண்ணில் நீர் சிறிது கூடினும் அவ்வெண் மிகவும் உயர்ந்துவிடும். அவ்வெண் உயர்ந்த பொருளில் மின்காந்த அலை மெதுவாகச் செல்லும். எண்ணின் வர்க்கமூலம் எவ்வளவோ அத்துணை மடங்கு வேகம் குறையும். வெறுவெளியில் அவ்வலை ஒரு நொடியின் நூறுகோடியில் ஒரு பங்கு நேரத்தில் 30 சென்டிமீட்டர் செல்லும். உலர்ந்த மண்ணில் அவ்வெண் 4 ஆயின் 15 சென்டிமீட்டரும், நன்கு நனைந்த மண்ணில் 25 ஆயின் 6 சென்டிமீட்டரும் செல்லும். ஆகவே 10 சென்டிமீட்டர் நீளமுள்ள உலோகக் கம்பிகளை மண்ணிற் செருகி, அலை கீழே போய் மீளும் நேரத்தை அளந்தால் மண்ணிலுள்ள நீரின் பங்கு தெரிந்துவிடும். எண்ணுக்கும் நீர்ப்பங்கிற்கும் உள்ள உறவைக் கனடா நாட்டு அறிஞர் டாப் என்பவரும் உடனுழைத்தோரும் 1980-ஆம் ஆண்டில் ஒரு சமன்பாடாக வெளியிட்டனர். இன்று கால்ப் களத்துக் காவலர் காலையில் கைத்தடி போலப் பிடித்துக்கொண்டு இடந்தோறும் குத்திப் பார்க்கும் கருவிகளுள் இவ்வினத்தனவும் உள.

குத்திய இடத்தில் உள்ளதை மட்டும் இக்கருவி கூறும் என்பது இதன் குறை. மணல் மிகுந்த களங்களில், மட்கிய பொருளின் மெழுகு போன்ற பூச்சு மணற்பொடிகளின்மேற் படிந்து, நீரை ஒட்டவிடாத திட்டுகள் ஆங்காங்கே உண்டாகும். தாமரையிலைமேல் நீர்போல அங்கே தண்ணீர் உருண்டோடிவிடும். திட்டுக்கு ஒரு முழம் தள்ளிக் குத்தியவன், மண் ஈரமாகவே உள்ளது என்பான். திட்டிலுள்ள புல் கருகிக்கொண்டிருக்கும். அதற்கு மாறாக, மேலிருந்து பார்ப்பவன் திடல் முழுவதையும் ஒரே பார்வையில் காண்பான். ஆனால் காரணத்தைக் காண மாட்டான். சூடேறிய புல்லெல்லாம் தாகமுற்ற புல் அன்று. வேரைப் புழு தின்றுவிட்டாலும் புல் சூடேறும். வேர் அழுகினாலும் சூடேறும். நடந்து நடந்து இறுகிய மண்ணில் வேர் மூச்சுவிட இயலாத போதும் அப்படியே. அழுகிய வேருள்ள இடத்தில் நீர் மேலும் விடுதல், நீர்க்கோவையுற்றவனுக்குத் தலைமுழுக்காட்டுதல் போலும். புல் ஐதாக உள்ள இடத்தில், நடுப்பகல் வெயிலிற் காய்ந்த வெறுமண்ணின் சூடும் இலையின் சூட்டோடு கலந்து கருவியை ஏமாற்றும். ஆதலின் வானூர்திப் படத்தை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளாது, எங்கே சென்று பார்க்கவேண்டும் என்பதைக் கூறும் ஒற்றனாகக் கொள்வதே தக்கது. ஒற்றன் சொன்ன இடத்தில் கத்தியால் ஒரு சாண் ஆழம் மண்ணை எடுத்து, வேரின் நிறத்தையும் நீளத்தையும் பார்த்து, மண்ணைக் கையிற் பிசைந்து அறியும் வேலை மனிதனுடையதாகவே இருக்கின்றது.

இத்துணை கூறியதும், இது அயல்நாட்டார் கவலை, நமக்கென்ன என்று சிலர் கருதக்கூடும். அவர்கள் பெர்முடாப் புல் என்று போற்றி வளர்ப்பது நம்முடைய அறுகம்புல்லே என்பதை அன்னார் அறியவேண்டும். பிள்ளையார்க்குச் சாத்துவதும் நம் வயல் வரப்புகளில் ஓடிக் கிடப்பதும் ஆகிய அதே அறுகு, அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் அரிசோனாவிலும் கோடைகாலத் திடல்களின் தலைமைப் புல்லாக விளங்குகின்றது. ஜியார்ஜியா மாநிலத்து டிப்ட்டன் என்னும் ஊரில், அறுகையும் அதன் ஆப்பிரிக்க இனம் ஒன்றையும் கலந்து உண்டாக்கி 1960-ஆம் ஆண்டில் வெளியிட்ட டிப்வே என்னும் வகை உலகெங்கும் ஆட்டக் களங்களிற் பரவியுள்ளது. வெப்ப நாட்டுப் புல்லாதலின், ஒரே அளவு உணவை ஆக்குதற்குக் குளிர்நாட்டுப் புல்லைவிடக் குறைந்த நீரே இதற்குப் போதும். மண்ணுக்கு மேலே ஓடுதண்டும் கீழே மட்டத்தண்டும் உடையது. நீரற்ற காலத்தில் இலையை உலரவிட்டு, தண்டில் உயிரை வைத்துக்கொண்டு உறங்கும். மழை வந்ததும் எழும். நம் முன்னோர் வாழ்த்துரைக்குங்கால் அறுகின் வேரை எடுத்துரைத்தது இதனை நன்கறிந்தேயாம்.

ஆகவே அறுகந் திடலில் கருவி 0.7 அல்லது 0.8 எனக் காட்டியவுடன் குழாயைத் திறக்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பென்ட் புல்லுக்கு அது அபாயக் குறி. அறுகுக்கு அது உறக்கம் வருவதன் குறியாகவும் இருக்கலாம். அடுத்த வாரம் அங்கே பந்தயம் நடக்குமாயின் நீர் விடுக. ஏனெனில் உறங்கும் புல் மிதியைத் தாங்காது. கோடை விடுமுறையில் திடல் வெறிதே கிடக்குமாயின், உறங்கட்டும் என விட்டுவிடுதல் தண்ணீருக்கும் நலம், புல்லுக்கும் பெரிய கேடன்று. எண்ணைக் கருவி தரும். திடல் எதற்கு என்பதை நாமே கருவிக்குச் சொல்லவேண்டும்.

இதனைச் சோதித்தறிய விரும்பும் மாணவர்க்கு வானூர்தியும் வேண்டா, பெரும்பொருளும் வேண்டா. ஒரே அளவான ஆறு மண்தொட்டிகளில் ஒரே மண்ணை நிரப்பி அறுகை நட்டு, தரை தெரியாதவாறு அடர்ந்து வளரும் வரை ஒரே வகையாக நீர் விடுக. பின்னர் மூன்று தொட்டிகளுக்கு நீரை நிறுத்தி, மூன்றுக்கு வழக்கம்போல் விடுக. மழையில் நனையாதபடி பாதுகாத்துக்கொள்க. நாள்தோறும் பகல் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே, முகில் இல்லாத வேளையில், அகச்சிவப்பு வெப்பமானியைச் சாய்வாகப் பிடித்து ஒவ்வொரு தொட்டியிலும் பல முறை அளந்து சராசரி எடுக்க. நேர் மேலிருந்து பிடித்தால் இலைகளின் ஊடே மண் தெரியும். அளப்பவனது நிழல் புல்மேல் விழலாகாது. அப்பொழுதே காற்றின் வெப்பத்தையும், ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவையும் குறித்துக்கொள்க. காற்றின் ஈரம் இவ்விரண்டாற் பெறப்படும். பலத்த காற்று வீசும் நாளின் அளவுகளைத் தனியே எழுதி வைக்க.

மாலையில் தொட்டிகளைத் தராசில் நிறுத்து எழுதுக. குறைந்த எடை ஆவியாய்ப் போன நீரின் எடையே. இதனினும் நேர்மையான கருவி வேறில்லை. கருவியின் எண்களை அறியாத ஒரு நண்பரைக் கொண்டு, எந்தத் தொட்டியில் புல் வாடத் தொடங்கியது என்பதைக் கண்ணால் மட்டும் நாள்தோறும் சொல்லச் செய்க. எந்நாளில் தராசு முதலிற் பிரித்துக் காட்டியது, எந்நாளில் வெப்பமானி, எந்நாளில் நண்பரின் கண் என்பவற்றை ஒரே தாளில் வரைக. வெப்பமானியின் நாளுக்கும் கண்ணின் நாளுக்கும் இடையே கான்ஸாஸில் ஐந்து நாட்களுக்கு மேல் இருந்தன. அறுகிலும், கடற்கரைக் காற்றிலும், கோடையிலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும் அவ்விடைவெளி எத்தனை நாளாகின்றது என்பதை இரு முறையேனும் செய்து பார்த்தபின் எழுதுவாராயின், அடுத்த ஆண்டு மலரில் வெளியிடத்தக்க கட்டுரை அதுவாகும்.